கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு: புகையிரத ரிக்கற்றை இணையத்தில் குறைந்த செலவில் எடுப்பது எப்படி?

உருத்திரபுரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவை மாதம் ஒரு தடவை கொழும்புக்கு அருகில் உள்ள மகரகம வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிச் செல்கிறேன். பேருந்தில் இரவு முழுவதும் கால் மடக்கி இருப்பது அவருக்கு இயலாது என்பதால் இப்போது புகையிரதத்தில்தான் போகிறோம். கடந்த இரண்டு தடவையும் நகரத்தில் உள்ள ஒரு கொமியூனிகேசன் கடையில் ஆசனம் பதிந்தோம். ஓர் ஆசனத்துக்கு 800 ரூபாய் மேலதிகமாக எடுத்துக்கொண்டார்கள். போக இரண்டு, வர இரண்டு என்று கணக்குப் பார்த்தால் ஒரு பயணத்தில் 3200 ரூபாய் கடைக்கே போய்விடுகிறது. நான் தனியார் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். அந்தப் பணம் அப்பாவின் இரண்டு கிழமைப் பால்மாவுக்கும் பழத்துக்கும் போதும்.

இணையத்தில் மலிவான புகையிரத ரிக்கற் என்று தேடினால் ஐரோப்பிய நாடுகளின் பக்கங்கள்தான் வருகின்றன. நம் பாதையில் மலிவாக எடுக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

கனகராயன் ஆறு எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதென்றால், நம் நாட்டுப் புகையிரதத்தில் மலிவு நாள், விலை கூடிய நாள் என்று இரண்டு இல்லை. கட்டணம் அரசாங்கம் நிர்ணயித்தது. எந்த வகுப்பு, எவ்வளவு தூரம், எந்த வகைப் புகையிரதம், ஆசனம் பதிந்ததா பதியாததா என்பவற்றைப் பொறுத்துத்தான் அது மாறும். ஒரு மாதம் முந்தி எடுத்தாலும் பயணத்துக்கு முதல் நாள் எடுத்தாலும் விலை ஒன்றுதான். ஆகவே மலிவாக எடுப்பது என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான் உண்டு: சீட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காமல் எடுப்பது. உங்களிடம் வாங்கப்பட்ட அந்த 800 ரூபாய் புகையிரதக் கட்டணம் அல்ல. ஆசனம் கிடைக்காது என்ற பயத்துக்கு நீங்கள் கொடுத்த விலை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இணையத்தில் விற்கப்படுவது முன்பதிவு ஆசனம் மட்டும்தான். எல்லாவற்றிலும் விலை குறைந்தது பதியாத மூன்றாம் வகுப்புச் சீட்டு. அது நிலையக் கருமபீடத்தில், பயண நாளில், புகையிரதம் வருவதற்கு முன்பு கொடுக்கப்படுவது. 2022 இல் கட்டணங்கள் உயர்த்தப்பட்ட பிறகும் அது பேருந்துக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கிறது. அப்படியென்றால் எல்லோரும் அதிலேயே போகலாமே என்று கேட்பீர்கள். கொழும்பு நோக்கிப் போகும்போது கிளிநொச்சி ஓர் இடைநிலையம். யாழ்ப்பாணம், கொடிகாமம், பளை என்று ஏறிக்கொண்டே வருவார்கள். நமக்கு வந்து சேரும்போது பதியாத பெட்டியில் இருக்க இடம் இருக்காது. அநுராதபுரம் வரை நின்றே போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. நோயாளியை அப்படிக் கூட்டிப் போக முடியாது.

வரும்போது நிலைமை வேறு. புறப்படும் இடமான கொழும்புக் கோட்டை நிலையத்தில் புகையிரதம் நிற்கும்போதே ஏறலாம். முக்கால் மணித்தியாலம் முந்திப் போய்ச் சீட்டு எடுத்து மேடையில் காத்திருந்தால், கிழமை நாட்களில் பதியாத மூன்றாம் வகுப்பிலும் இருக்கை கிடைக்கும். நான் மகளோடு போகும்போது போகும் வழிக்கு மட்டும் இணையத்தில் பதிவேன்; திரும்பி வர கோட்டையில் கையோடு சீட்டு எடுப்பேன். செலவு கணிசமாகக் குறைகிறது. அப்பாவின் உடல் நிலை இதற்கு இடம் கொடுக்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சை முடிந்து களைத்து வருபவர் என்றால் இரண்டு பக்கமும் பதிந்துவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முத்தையன்கட்டு எழுதியது:

எங்கள் பக்கத்தாருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. முல்லைத்தீவு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்குப் புகையிரதம் வருவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் ஏ34 வீதியால் மாங்குளத்துக்கும், புதுக்குடியிருப்பு, விசுவமடு பக்கம் இருப்பவர்கள் ஏ35 வீதியால் பரந்தனுக்கும் வருகிறார்கள். அங்கே எல்லாப் புகையிரதமும் நிற்பதில்லை. நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடியதும் எதுவும் வரவில்லை என்றால் ஆசனம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி விடுகிறார்கள். உண்மையில் அந்தப் புகையிரதம் அங்கே நிற்காததாக இருக்கலாம். கிளிநொச்சி, வவுனியா இரண்டையும் போட்டுத் தேடிப் பாருங்கள். விடியற்புறம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் ஓட்டோச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆசனத்தில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஓட்டோவுக்கு இரண்டாயிரம் கொடுப்பதில் என்ன பயன்?

புளியங்குளம்–லண்டன் எழுதியது:

நான் 1990 இல் பாதை அடைபட்டபோது ஊரில் இருந்தவன். வவுனியாவுக்கு அப்பால் தண்டவாளமே இல்லாமல் போன காலத்தையும் பார்த்தேன். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டு மார்ச்சில் பளைக்கும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் புகையிரதம் ஓடியதை இங்கிருந்து காணொளியில் பார்த்து அழுதேன். அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இங்கே பிரித்தானியாவில் விலை ஒவ்வொரு நாளும் மாறும். முன்கூட்டியே வாங்கும் 'அட்வான்ஸ்' சீட்டுகள் ஏறத்தாழ 12 கிழமைக்கு முன்பு விற்பனைக்கு வரும். பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ரெயில்கார்ட் என்ற அட்டை இருந்தால் பெரும்பாலான சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. ஒரே பயணத்தை இரண்டு துண்டாகப் பிரித்து வாங்கினால் சில வேளை மொத்தம் குறையும். ஜேர்மனியில் இருக்கும் என் தங்கை மாதாந்தச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் உள்ளூர்ப் புகையிரதங்களில் போகிறாள். அது 2023 இல் 49 யூரோவுக்கு வந்து, 2025 இல் 58 யூரோ ஆனது. இந்தப் பழக்கத்தில் ஊருக்கு வரும் நம் பிள்ளைகள் அங்கேயும் அதே போல மலிவு விலை தேடுகிறார்கள். போன வருடம் நான் ஒரு வெளிநாட்டு முகவர் தளத்தில் டொலரில் பணம் கட்டி, கோட்டையில் இருந்து கிளிநொச்சிக்கு இரண்டு ஆசனம் எடுத்தேன். சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அதில் அச்சிட்டிருந்த ரூபாயை மாற்றிப் பார்த்தேன். கட்டியதில் பாதிக்கும் குறைவு.

ஆகவே வெளிநாட்டில் இருந்து வருபவர்களும் புகையிரதத் திணைக்களத்தின் ஆசனப் பதிவுத் தளத்திலேயே நேரடியாக எடுங்கள். கடவுச்சீட்டு இலக்கம் கொடுத்துப் பதியலாம்.

உருத்திரபுரத்தான் எழுதியது:

ஐயா, அண்ணா, மிக்க நன்றி. நேரடியாக எடுக்க நான் முயலாமல் இல்லை. கிளினிக் திகதி தெரிந்ததும் வந்து பார்த்தால் ஆசனம் இல்லை என்றே காட்டுகிறது. அதனால்தான் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

கனகராயன் ஆறு எழுதியது:

கடைக்காரருக்குக் கிடைப்பது பதிவு திறக்கும் நாளிலேயே அவர் எடுப்பதால். பதிவு புறப்படும் நாளுக்கு 30 நாள் முன்பு திறக்கும். நான் கடைசியாக எடுத்தபோது காலை 10 மணிக்குத் திறந்தது. விடுமுறைக் காலத்து ஆசனங்கள் அன்றே தீர்ந்துவிடும். மலையகப் பாதையில் இது எந்த அளவுக்குப் போனதென்றால், எல்லவுக்கான ஆசனங்கள் 42 விநாடியில் தீர்ந்ததாக எழுந்த முறைப்பாட்டைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே 2025 இன் தொடக்கத்தில் விசாரிக்க வேண்டி வந்தது. பதியும்போது பயணியின் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. மொத்தமாக வாங்கி வைத்து விற்பவர்களுக்கு அது ஒரு தடை.

உங்கள் கிளினிக் விடயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வைத்தியர் கொப்பியில் அடுத்த திகதியைப் போடும்போது பெரும்பாலும் நான்கு கிழமை கழித்துப் போடுவார். நான்கு கிழமை என்பது 28 நாள். நீங்கள் கிளினிக்குக்கு முதல் நாள் புறப்படுவதென்றால் 27 நாள். அதாவது திகதி உங்கள் கைக்கு வரும்போதே பதிவு திறந்து மூன்று நாள் ஆகிவிட்டது. நீங்கள் ஊருக்கு வந்து, களைப்பு ஆறி, அடுத்த சனிக்கிழமை தேடினால் ஒரு கிழமை போய்விட்டது. ஆகவே திகதியைப் போட்டுக் கொடுத்ததும், மருந்து எடுக்க வரிசையில் இருக்கும் நேரத்திலேயே கைத்தொலைபேசியில் பதிந்துவிடுங்கள். அல்லது ஐந்து கிழமை கழித்துத் திகதி தரலாமா என்று தாதியிடம் பணிவாகக் கேளுங்கள். நோயின் நிலை இடம் கொடுத்தால் தருவார்கள். புதன் அல்லது வியாழன் கிளினிக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பு போகவும் வெள்ளிக்கிழமை வடக்கே வரவும்தான் சனம் கூட. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வற்றாப்பளைப் பொங்கல், நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, போயா எனும் பௌர்ணமி விடுமுறை சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி ஆகிய நாட்களில் பதிவு திறந்த நேரத்திலேயே முந்திக்கொள்ளாவிட்டால் கிடைக்காது.

வன்னிமகள் எழுதியது:

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றிக் கனகராயன் ஐயா எழுதியதோடு எனக்கு நடந்ததையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் பணம் மட்டும் அல்ல, பயணமே கெட்டுப் போகலாம்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரு கடையில் பதிவித்தேன். கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர் கைத்தொலைபேசிக்கு அனுப்பிய சீட்டை நான் திறந்து வாசிக்கவே இல்லை. பெட்டி, ஆசன இலக்கம் மட்டும் பார்த்தேன். மதவாச்சி தாண்டிய பிறகு பரிசோதகர் வந்தார். சீட்டை வாங்கி, அம்மாவின் அட்டையையும் கேட்டார். அம்மாவிடம் இருப்பது பழைய அட்டை: ஒன்பது இலக்கமும் கடைசியில் வி எழுத்தும். அவர் சுட்டுவிரலால் ஒவ்வோர் எண்ணாகச் சீட்டையும் அட்டையையும் ஒப்பிட்டார். சீட்டில் இருந்தது பன்னிரண்டு இலக்கம், யாரோ ஒருவருடையது. அம்மா ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். எழுபது வயதில் களவாகப் பயணம் செய்தவர் போல நான்கு பேர் முன்னால் அவர் எழுந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. பரிசோதகர் தன் கடமையைத்தான் செய்தார். நிலைமையைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். பிழை கடையுடையது, வாசிக்காமல் விட்டதால் என்னுடையதும்.

ஆகவே யாரிடம் பதிந்தாலும் ஒவ்வொருவருடைய இலக்கத்தையும் சீட்டில் வாசித்துச் சரி பாருங்கள். பழைய அட்டை உள்ளவர்கள் அந்த எழுத்தை விடாமல் எழுதுங்கள். மூல அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

உருத்திரபுரத்தான் எழுதியது:

அக்கா, வாசிக்கவே மனம் கனக்கிறது. நான் இன்றே எங்கள் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். வங்கி அட்டையில் பணம் கட்டும் இடத்தில் எனக்கு ஒரு தடவை தடைப்பட்டது. கிளிநொச்சியில் இருந்து ஆசனம் இல்லை என்று காட்டினால் அதோடு கைவிட வேண்டியதுதானா?

முத்தையன்கட்டு எழுதியது:

அட்டை விடயம் எனக்கும் நடந்தது. பணம் எடுக்கும் சாதாரண அட்டையில் இணையக் கொடுப்பனவு வசதி மூடப்பட்டிருக்கலாம். வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துத் திறந்து தரும்படி கேட்க வேண்டும். அதைப் பதிவு திறக்கும் நாளில் செய்யாதீர்கள், ஒரு கிழமை முந்திச் செய்யுங்கள். வங்கியில் கொடுத்த தொலைபேசி இலக்கம் இப்போதும் உங்கள் கையில் உள்ளதுதானா என்றும் பாருங்கள். ஒரு முறைக் கடவுச்சொல் அந்த இலக்கத்துக்குத்தான் வரும். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் விழாது. முதல் தடவை வீட்டுக்குள் இருந்து பதிந்தேன். குறுஞ்செய்தி வருவதற்குள் நேரம் முடிந்து ஆசனம் கைவிட்டுப் போய்விட்டது. இப்போது கிணற்றடியில் வாங்கைப் போட்டு, அட்டையையும் எல்லோருடைய அடையாள அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன். பெயரும் இலக்கமும் ஒரு கடதாசியில் முன்பே எழுதி வைத்திருந்தால் தட்டச்சுப் பிழை வராது.

பணம் கழிந்து சீட்டு வராமல் போனால் பதறி உடனே மறுபடி கட்ட வேண்டாம். மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். நான் ஒரு தடவை அவசரப்பட்டு ஒரே நாளுக்கு நான்கு ஆசனம் எடுத்துவிட்டேன்.

கனகராயன் ஆறு எழுதியது:

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கைவிட வேண்டாம். போன ஆனியில் கிளிநொச்சி என்று போட்டுத் தேடியபோது எனக்கு ஒன்றும் காட்டவில்லை. அதே புகையிரதத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து என்று போட்டுத் தேடினேன், இரண்டு ஆசனம் இருந்தது. எடுத்தேன். கட்டணம் யாழ்ப்பாணத்துக்குரியதுதான், இருந்தாலும் கடைக்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அப்படி எடுத்தால் நீங்கள் ஏறும் வரை ஆசனம் வெறுமையாக இருக்கும், யாராவது இருந்துவிடலாம். ஏறியதும் சீட்டைக் காட்டித் தன்மையாகக் கேளுங்கள், எழும்பித் தருவார்கள். முதல் நாளே கிளிநொச்சி நிலையத்தில் சொல்லி வைப்பதும் நல்லது.

இரண்டாம் வகுப்பு இல்லை என்றால் மூன்றாம் வகுப்பு முன்பதிவு ஆசனத்தைப் பாருங்கள். பெயரில்தான் மூன்றாவது, இருக்க இடம் உறுதி. கடுகதியில் குளிரூட்டப்பட்ட பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் அப்பாவும் நீங்களும் மூன்றாம் வகுப்பில் போய்ச் சாப்பிட்டும் வரலாம். இணைய வசதி இல்லாதவர்கள் மொபிட்டல் தொலைபேசியில் 365 ஐ அழைத்தும் பதியலாம், நிலையக் கருமபீடத்திலும் பதியலாம். கருமபீடத்தை நாம் மறந்துவிட்டோம்.

மகரகமவுக்குப் போவதால் இன்னொரு செலவையும் குறைக்கலாம். கோட்டை வரை போகாமல் மருதானையில் இறங்குங்கள். அங்கிருந்து களனிவெளிப் பாதையில் நாரஹேன்பிட்டி, நுகேகொடை வழியாக மகரகமவுக்கே புகையிரதம் போகிறது. நேரம் பொருந்தி வந்தால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் தொகையில் மிகச் சிறிய பங்குதான் ஆகும். நேர அட்டவணையை முதலே பார்த்து வையுங்கள்.

ஓய்வுநிலை ஆசிரியை எழுதியது:

அரச ஊழியர்கள் வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாக ஒன்று. உங்களுக்குரிய புகையிரத வொறன்ட்டை, அதாவது பணம் கட்டாமல் பயணம் செய்யத் தரப்படும் அனுமதிச் சீட்டை, வருட முடிவில் வீணாக்காதீர்கள். அது தாளாக வருவது. நிலையக் கருமபீடத்தில் கொடுத்துத்தான் சீட்டாக மாற்றலாம். என்னோடு படிப்பித்த பலர் வொறன்ட்டை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு இணையத்தில் முழுப் பணம் கட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். மன்னார் பக்கத்தில் இருப்பவர்கள் தலைமன்னார்ப் புகையிரதத்துக்கு மடு வீதி, முருங்கன் நிலையங்களிலேயே விசாரிக்கலாம்.

உருத்திரபுரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதம் கழித்து வருகிறேன். நேற்று மகரகமவில் அடுத்த திகதி போட்டுக் கொடுத்தார்கள். மருந்து வரிசையில் அப்பாவை வாங்கில் இருத்திவிட்டு, கனகராயன் ஐயா சொன்னபடி அங்கேயே பதிந்தேன். கிளிநொச்சியில் இருந்தே கிடைத்தது, மூன்றாம் வகுப்பு முன்பதிவு, காலையில் புறப்படும் புகையிரதத்தில் இரண்டு ஆசனம். அடையாள அட்டை இலக்கம் இரண்டையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தன் அட்டையைப் பிடித்துக்கொண்டு எண் எண்ணாகச் சரி பார்த்தார். அச்சிட்ட விலைக்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை. திரும்பி வருவதற்கும் பதிந்துவிட்டேன், அதில் மிச்சம் பிடிக்கவில்லை.

அப்பா ஒன்று மட்டும் கேட்டார். போகும்போது வெயில் எந்தப் பக்கம் விழும் என்று. கண்ணில் வெயில் பட்டால் அவருக்குத் தலை சுற்றும்.

கனகராயன் ஆறு எழுதியது:

தெற்கு நோக்கிப் போவதால் காலையில் இடப்பக்கம் வெயில் விழும். மத்தியானம் தாண்டினால் மற்றப் பக்கம். வலப்பக்க ஆசனம் கிடைக்காவிட்டால் ஒரு பழைய சாரத்தைக் கொண்டு போங்கள் தம்பி, ஜன்னலில் கட்டிவிடலாம். முறிகண்டி தாண்டும்போது அப்பாவை எழுப்பிவிடுங்கள், பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொள்ளட்டும்.